காட்டூர் மாடியில் ஒரு உருளை: டிரம் ஸ்கேனரும் ஸ்ரீரங்கத்து ஸ்லைடுகளும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

எபிசோடோட ஆரம்பத்துல ஒரு 'உய்ய்ய்ங்' சத்தம் கேட்டீங்க இல்லையா, அது மிக்ஸி இல்லை, வாஷிங் மெஷினும் இல்லை. ஒரு கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் உருளை நிமிஷத்துக்கு 600 சுற்று சுத்துற சத்தம் அது. இடம், திருச்சி காட்டூர். தஞ்சாவூர் ரோட்டுல அரியமங்கலம் தாண்டி, திருவெறும்பூர் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற எங்க வீட்டு மாடி ரூம். மெஷினுக்கு வயசு கிட்டத்தட்ட என் வயசுதான், இருபத்தெட்டு இருக்கும். ஆனா அது பேசுற பாஷை எனக்குத் தெரியாது. நான் எழுதுற கோடு அதுக்குத் தெரியாது. நடுவுல மாட்டிக்கிட்டது என் பெரியப்பாவோட பதினாலு டப்பா பிலிம்.

பெரியப்பா ஸ்ரீரங்கத்துல ஸ்டுடியோ வெச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாம்தான். அதுக்கு நடுவுல, யாரும் காசு கொடுக்காம அவரே எடுத்த படங்கள் சில உண்டு. தெற்கு ராஜகோபுரம் கட்டின வருஷங்கள்ல, சாரத்துல வேலை நடக்கும்போது எடுத்தது. அந்தக் கோபுரத்தோட அடித்தளம் அச்சுததேவராயர் காலத்துல ஆரம்பிச்சு, அப்படியே நின்னு போய், 400 வருஷத்துக்கு மேல மொட்டையா நின்னது. ஊர்ல அதை ராயகோபுரம்னுதான் சொல்லுவாங்க. அகோபில மடத்தோட 44-வது ஜீயர் முயற்சி எடுத்து, சுமார் எட்டு வருஷ வேலைக்கப்புறம், 1987 மார்ச் 25-ல கும்பாபிஷேகம் ஆச்சு. 13 நிலை, 236 அடி. இன்னிக்கு பஸ்ல ஸ்ரீரங்கம் போற எல்லாரும் பார்க்கிற கோபுரம்.

பெரியப்பா போன பிறகு பெரியம்மா அந்த டப்பாக்களை பீரோ மேலேர்ந்து எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு டப்பாவைத் திறந்ததும் புளிச்ச காடி வாசனை. அசிட்டேட் பிலிம் சிதைய ஆரம்பிச்சா அசிட்டிக் ஆசிட் வெளிய வரும், அந்த வாசனைதான். ஒரு தடவை ஆரம்பிச்சா நிக்காது, வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இன்னும் சில ஸ்லைடுல பூஞ்சை. ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற ஊர்ல பீரோ மேல வெச்சா அது வரத்தான் செய்யும். கலர் பிலிம்ல சாயமும் ஒரே வேகத்துல வெளுக்காது. நீலமும் பச்சையும் முன்னாடி போய், கோபுரமே ரோஸ் கலர்ல நிக்குது.

"இதை கம்ப்யூட்டர்ல ஏத்திடுப்பா, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே"ன்னு பெரியம்மா சொன்னாங்க. நானும் ஒரு வீக்கெண்ட் வேலைன்னு நினைச்சேன். அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசத்துல நான் கத்துக்கிட்ட வரலாறுதான் இன்னிக்கு எபிசோடு.

ஒரு நேரத்துல ஒரு புள்ளி

முதல்ல டிரம் ஸ்கேனர்னா என்ன? உங்க போன் கேமராவுல கோடிக்கணக்கான சென்சார் புள்ளிகள் ஒரே நேரத்துல வெளிச்சத்தைப் பிடிக்குது. ஆபீஸ்ல இருக்கிற ஸ்கேனர் ஒரு நேரத்துல ஒரு வரியைப் பிடிக்குது. டிரம் ஸ்கேனர் ஒரு நேரத்துல ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்க்கும்.

பிலிமை ஒரு ஒளி ஊடுருவுற உருளை மேல எண்ணெய் தடவி ஒட்டணும். உருளை வேகமா சுத்தும். உள்ளேர்ந்து ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சம் பிலிம் வழியா வெளிய வரும். அதை ஒரு லென்ஸ் பிடிச்சு, சிவப்பு, பச்சை, நீலம்னு பிரிச்சு, மூணு போட்டோமல்டிபிளையர் குழாய்க்கு அனுப்பும். அந்தக் குழாய்க்குள்ள வெளிச்சம் பட்டா ஒரு எலக்ட்ரான் தெறிக்கும். அது அடுத்த தகடுல மோதி சில எலக்ட்ரான்களைக் கிளப்பும், அதுங்க அடுத்த தகடுல மோதும். இப்படியே பெருகி, கடைசியில லட்சக்கணக்கான மடங்கு பெரிசாகி வரும். அதனாலதான் பிலிம்ல ரொம்ப இருட்டான மூலையில, பத்தாயிரத்துல ஒரு பங்கு வெளிச்சம் மட்டும் கடந்து வர்ற இடத்துலகூட, இந்த மெஷினுக்கு ஏதோ தெரியும்.

உருளை ஒரு சுத்து சுத்தினா ஒரு வரி முடியும். லென்ஸ் ஒரு மயிரிழை நகரும். அடுத்த சுத்து, அடுத்த வரி. எங்க கணக்கைச் சொல்றேன். பெரியப்பாவோட ஸ்லைடு 56 மில்லிமீட்டர் சதுரம், அதாவது சுமார் 2.2 அங்குலம். 4,000 டிபிஐ வெச்சா ஒரு பக்கத்துக்கு 8,800 புள்ளி. மொத்தம் 7 கோடியே 74 லட்சம் புள்ளி. நிமிஷத்துக்கு 600 சுற்றுன்னா வினாடிக்கு 10 வரி. 8,800 வரிக்கு 880 வினாடி. ஒரு படத்துக்கு ஏறக்குறைய பதினஞ்சு நிமிஷம், பைல் 232 எம்பி.

உருளை கம்ப்யூட்டரை விட மூத்தது

நான் நினைச்சது, ஸ்கேனர்ங்கிறது கம்ப்யூட்டர் வந்தப்புறம் அதுக்குத் துணையா வந்த சாமான்னு. உண்மை நேர் எதிர்.

1843-ல அலெக்சாண்டர் பெய்ன் படத்தைத் தந்தி வழியா அனுப்புற ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். சில வருஷத்துல பிரெடெரிக் பேக்வெல் அதை உருளைக்கு மாத்தினார். உலோகத் தகட்டுல மின்சாரம் கடத்தாத மையால எழுதி, உருளை மேல சுத்தி, ஒரு முள் அதைத் தடவிக்கிட்டே போகும். மை இருக்கிற இடத்துல கரண்ட் நிக்கும், இல்லாத இடத்துல போகும். அந்தப் பக்கம் இன்னொரு உருளை. 1851-ல லண்டன் மாபெரும் கண்காட்சியில அதைக் காட்டினார். பெரிய சிக்கல் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு உருளையும் ஒரே தாளத்துல சுத்தணும். ஒண்ணு கொஞ்சம் பின்தங்கினாலும் எழுத்து சாய்ஞ்சு குலைஞ்சு போகும்.

இந்தத் தாளத்தை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1900-களோட தொடக்கத்துல ஜெர்மனியில ஆர்தர் கோர்ன் இன்னும் ஒரு படி போனார். பிலிமை கண்ணாடி உருளையில சுத்தி, வெளிச்சத்தை உள்ளே விட்டு, செலினியம் செல்லால அளந்து, தந்திக் கம்பியில அனுப்பினார். 1907 வாக்குல ஐரோப்பிய நகரங்களுக்கு நடுவுல போட்டோ போக ஆரம்பிச்சுடுச்சு. கண்ணாடி உருளை, பிலிம், ஊடுருவுற வெளிச்சம். எங்க மாடியில இருக்கிற மெஷினோட எலும்புக்கூடு அப்பவே தயார். கம்ப்யூட்டர்ங்கிற சாமான் வர இன்னும் நாற்பது வருஷம் பாக்கி.

நம்ம ஊர் பக்கமும் இந்தக் கதை வந்து போச்சு. சென்னையில தயாரான 'தி இந்து' பக்கங்களை 1969-ல கோயம்புத்தூருக்கு பேக்ஸிமிலி முறையில அனுப்பி அங்கேயே அச்சடிச்சாங்க. இந்தியாவுல பத்திரிகைப் பக்கம் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. இந்தப் பக்கம் ஒரு மெஷின் பக்கத்தைப் புள்ளி புள்ளியா படிக்கணும், அந்தப் பக்கம் இன்னொரு மெஷின் அதே தாளத்துல பிலிம்ல வரையணும். பேக்வெல் பட்ட அதே பாடுதான், தொலைவு மட்டும் கூட.

கம்ப்யூட்டர் எப்ப உள்ளே வந்துச்சு? 1957. அமெரிக்காவோட தேசிய தர நிர்ணய அலுவலகத்துல 'சியாக்'னு ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. அங்க வேலை பார்த்த ரசல் கிர்ஷ், "கம்ப்யூட்டரால படம் பார்க்க முடிஞ்சா என்ன?"ன்னு கேட்டார். சின்ன உருளை, ஒரு போட்டோமல்டிபிளையர். அதுல ஏத்தினது அவரோட மூணு மாசக் குழந்தை வால்டனோட போட்டோ. 5 சென்டிமீட்டர் சதுரம், 176-க்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. உலகத்தோட முதல் டிஜிட்டல் படம்னு சொல்றது இதைத்தான். பிக்சலோட பிறந்த வீடு ஒரு டிரம் ஸ்கேனர். எனக்கு இது தெரியாது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன், இமேஜ் பிராசஸிங் எலெக்டிவ் எடுத்தேன், யாரும் சொல்லலை.

கம்ப்யூட்டரே இல்லாத கலர்

எங்க மெஷினுக்கு ஒரு ஆபரேட்டர் தேவைப்பட்டார். அவரை அண்ணாச்சின்னுதான் சொல்லப்போறேன். சிவகாசிக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல கலர் செபரேஷன் வேலை. இப்ப மகள் வீட்டோட காட்டூர்ல இருக்கார், மருமகன் பெல்லுல வேலை. எங்க தெருவுல இருந்து ரெண்டு தெரு தள்ளி. மெஷினை இறக்கி வைக்கும்போது வேடிக்கை பார்த்த ஆளுங்கள்ல ஒருத்தரா வந்து நின்னார். "இது யாருகிட்ட இருந்து வாங்குனீங்க தம்பி?"ன்னு கேட்டுட்டு, மூடியைத் திறந்து, உருளையை விரல் முனையால தொட்டு சுத்திப் பார்த்தார். "பேரிங் நல்லா இருக்கு"ன்னார். அவ்வளவுதான், அன்னிலேர்ந்து தினம் சாயங்காலம் வந்துட்டார்.

அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்தப்ப பார்த்த ஸ்கேனர்ல கம்ப்யூட்டர் கனெக்ஷனே கிடையாது. இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

அச்சுல நாலு கலர்: நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. ஒரு காலண்டர் சாமி படம் அடிக்கணும்னா, ஒரிஜினல் படத்தை நாலு பிலிமா பிரிக்கணும். முன்னாடி அதை பெரிய பிராசஸ் கேமராவுல, பில்டர் போட்டு, நாலு தடவை எடுத்து, கையால திருத்தினாங்க. 1930-களோட கடைசியில கோடக்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் முர்ரேயும் ரிச்சர்ட் மோர்ஸும், இதை உருளையும் போட்டோசெல்லும் வெச்சு மெஷினையே செய்ய வைக்கலாம்னு காட்டினாங்க. போருக்கு அப்புறம் லண்டன்ல ஜான் கிராஸ்ஃபீல்டு 1947-ல கம்பெனி ஆரம்பிச்சார். அதே வருஷம் ஜெர்மனியில கீல் நகரத்துல ருடால்ஃப் ஹெல் தன்னோட கம்பெனியை மறுபடி தொடங்கினார். ஹெல் 1901-ல பிறந்து 2002 வரைக்கும் வாழ்ந்த மனுஷன், நூறு வயசு. 1960-கள்ல அவரோட குரோமகிராஃப் ஸ்கேனர்கள் வந்தப்ப, அச்சுத் தொழில் முகமே மாறிப்போச்சு. ஜப்பான்ல கியோட்டோவோட டைநிப்பான் ஸ்கிரீனும் களத்துல இறங்கினாங்க.

இந்த மெஷின்கள்ல ரெண்டு உருளை. ஒரு பக்கம் ஒரிஜினல் சுத்தும், இன்னொரு பக்கம் வெறும் பிலிம் சுத்தும். இந்தப் பக்கம் படிச்சதை நடுவுல இருக்கிற எலக்ட்ரானிக் சர்க்யூட் உடனுக்குடன் நாலு கலரா கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் பிலிம்ல வெளிச்சமா அடிக்கும். எங்கேயும் பைல் கிடையாது, 'சேவ்' கிடையாது. ஆரம்பத்துல அந்தக் கணக்கே அனலாக். மஞ்சள் கொஞ்சம் குறையணும்னா ஒரு குமிழைத் திருகணும்.

"தப்பாப் போச்சுன்னா?"ன்னு கேட்டேன்.

"பிலிம் வீண். முதலாளி பார்ப்பாரு, நம்மளைப் பார்ப்பாரு. அதனால திருகுறதுக்கு முன்னாடியே தெரியணும் தம்பி. முருகன் முகத்துல ரோஸ் ஏறுனா காலண்டர் விக்காது."

நான் தினம் நூறு தடவை கண்ட்ரோல்-இசட் அடிக்கிறவன். இதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசலை.

வயர் வந்த வருஷங்கள், போன வருஷங்கள்

1980-கள்ல நிலைமை மாறுது. 1979-ல இஸ்ரேலோட சைடெக்ஸ், ஸ்கேன் பண்ணின கலர் படத்தை திரையில பார்த்துத் திருத்துற சிஸ்டத்தைக் கொண்டு வந்தாங்க. விலை பெரிய பிரஸ்ஸுங்களுக்கு மட்டும்தான் கட்டும். 1985-ல பேஜ்மேக்கர், லேசர் பிரிண்டர். 1990-ல போட்டோஷாப். ஒரு வேடிக்கையான விஷயம், போட்டோஷாப் அந்தப் பேர்ல தனியா விற்பனைக்கு வர்றதுக்கு முன்னாடி, பார்னிஸ்கேன்ங்கிற ஸ்லைடு ஸ்கேனர் கூட இலவச இணைப்பாதான் வெளிய போச்சு. சுமார் 200 காப்பி. அதாவது போட்டோஷாப்பும் ஸ்கேனர் வீட்டுப் பிள்ளைதான்.

மேசை மேல படம் வெட்டி ஒட்ட முடியும்னு ஆனதும், ஸ்கேனரோட ரெண்டாவது உருளைக்கு வேலை இல்லை. அந்த இடத்துல ஒரு வயர் வந்துச்சு. அந்த வயர் பேரு ஸ்கஸி.

ஸ்கஸி 1986-ல அமெரிக்கத் தரமா அங்கீகாரம் ஆச்சு. அதே வருஷம் வந்த மேக்கின்டோஷ் பிளஸ்ல அந்த போர்ட் இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க், ஸ்கேனர், டேப் எல்லாம் ஒரே சங்கிலியில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மாட்டலாம். ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 7 வரைக்கும் ஒரு நம்பர், ரெண்டு சாமானுக்கு ஒரே நம்பர் வந்தா சண்டை. சங்கிலியோட ரெண்டு முனையிலயும் 'டெர்மினேட்டர்'னு ஒரு சாமான் வேணும். இல்லைன்னா சிக்னல் முனையில மோதித் திரும்பி வரும், வெத்துக் கிணத்துல கத்தினா எதிரொலிக்கிற மாதிரி. எதிரொலியும் அசலும் கலந்தா யாருக்கும் எதுவும் புரியாது.

1990-கள்ல மேசை மேல வைக்கிற டிரம் ஸ்கேனர்கள் வந்துச்சு. அமெரிக்காவுல ஹவ்டெக், டென்மார்க்ல ஸ்கேன்வியூ, இன்னும் சிலர். எங்க மெஷினும் அந்தத் தலைமுறைதான், கம்பெனி பேர் இங்க வேண்டாம். மேசை மேலன்னு பேருதான், மாடிக்கு ஏத்த நாலு பேர் வேணும்.

அப்புறம் நடந்தது வேகமா நடந்துச்சு. 1999 ஜனவரியில வந்த நீல-வெள்ளை மேக் ஜி3-ல ஸ்கஸி போர்ட் இல்லை. யூஎஸ்பி, பயர்வயர் வந்தாச்சு. டிஜிட்டல் கேமரா வந்து பிலிமையே தூக்கிடுச்சு. ஹெல் கம்பெனி 1990-ல லைனோடைப்போட சேர்ந்து, 1997-ல ஹைடல்பெர்க் கைக்குப் போனது. லட்சக்கணக்குல கடன் வாங்கி வாங்கின ஸ்கேனர்கள், பத்து வருஷத்துல கிலோ கணக்குல போச்சு. அண்ணாச்சி இதைப் பத்தி அதிகம் பேசலை. "கடைசியில எங்களை எல்லாம் டிடிபி-ல உக்காரச் சொன்னாங்க"ன்னார். அவ்வளவுதான்.

மூணு முயற்சி

சரி, காட்டூர் மாடிக்கு வருவோம்.

முதல் முயற்சி: ஸ்கஸியை யூஎஸ்பி ஆக்குற ஒரு அடாப்டர். ஆன்லைன்ல பழசா ஒண்ணு பிடிச்சேன். லேப்டாப்ல சொருகினேன். ஒண்ணும் வரலை. காரணம் லேட்டாதான் புரிஞ்சது. இந்த மாதிரி அடாப்டர்ல பெரும்பாலானது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் அந்தப் பக்கம் இருக்கும்னு நம்பி செஞ்சது. 'இந்த பிளாக்கைப் படி, அந்த பிளாக்குல எழுது'ன்னுதான் அதுக்குக் கேட்கத் தெரியும். 'உருளையைச் சுத்து, இந்த ஜன்னல் அளவுல ஸ்கேன் பண்ணு'ன்னு சொல்ல அதுக்கு வாயே இல்லை. பிளக் பொருந்துறது வேற, பேச்சு பொருந்துறது வேற.

ரெண்டாவது முயற்சி: பழைய கம்ப்யூட்டர் கடையில பிசிஐ ஸ்லாட் இருக்கிற ஒரு டப்பா, அதுல ஒரு ஸ்கஸி கார்டு, மேல லினக்ஸ். இங்கதான் லினக்ஸுக்கு ஒரு கும்பிடு. அந்தப் பழைய கார்டுகளுக்கான டிரைவர் இன்னும் உள்ளேயே இருக்கு. ஆன் பண்ணினேன். லிஸ்ட்ல ஐடி 4-ல ஸ்கேனர்னு வந்துச்சு! நான் குதிச்சேன். பத்து வினாடியில காணாம போச்சு. மறுபடி வந்துச்சு, மறுபடி போச்சு. மூணு நாள் கேபிளை மாத்தினேன், கார்டை மாத்தினேன், டிரைவர் செட்டிங்கை மாத்தினேன்.

அண்ணாச்சி பின்னாடி வந்து எட்டிப் பார்த்துட்டு, "கடைசி ஓட்டையில மூடி மாட்டலையா?"ன்னார்.

ஸ்கேனர் பின்னாடி ரெண்டு சாக்கெட். ஒண்ணுல கேபிள், இன்னொண்ணு காலியா இருந்துச்சு. அவர் 'மூடி'ன்னு சொன்னது டெர்மினேட்டரை. அது என்ன பண்ணுதுன்னு அவருக்குத் தெரியாது. அது இல்லைன்னா மெஷின் நிக்காதுன்னு தெரியும். எனக்கு அது என்ன பண்ணும்னு பரீட்சையில எழுதத் தெரியும், டிரான்ஸ்மிஷன் லைன், ரிப்ளெக்ஷன், எல்லாம். ஆனா காலியா இருந்த ஓட்டை என் கண்ணுல படலை. மாட்டினோம். சிக்னல் நின்னுச்சு.

நின்னாலும் பாதிதான். 'நீ யாரு?'ன்னு கேட்டா ஸ்கேனர் பதில் சொல்லுது, 'தயாரா?'ன்னா ஆமாங்குது. இதெல்லாம் எல்லா ஸ்கஸி சாமானுக்கும் பொது. ஆனா லென்ஸ் போகஸ், துளை அளவு, குழாயோட வோல்டேஜ், இதெல்லாம் கம்பெனி தனக்குன்னு வெச்சுக்கிட்ட கட்டளைகள். கையேடு இல்லை. தெரியாத கட்டளையை அனுப்பிப் பார்க்கவும் பயம். போட்டோமல்டிபிளையருக்கு நூத்துக்கணக்கான வோல்ட் ஓடுது. வோல்டேஜ் இருக்கும்போது அதிக வெளிச்சம் பட்டா குழாய் கெட்டுப் போகும், மாத்துக் குழாய் கிடைக்காது.

மூணாவது முயற்சி, முதல்லயே பண்ணியிருக்க வேண்டியது. மெஷினை வாங்கின இடத்துல, மூலையில ஒரு பழுப்பு நிற மேக் ஜி3 கிடந்துச்சு. 1997 மாடல். ஸ்கஸியும் உண்டு, ஈதர்நெட்டும் உண்டு. பழைய இரும்புக்குப் போக வேண்டியது, சேர்த்து ஏத்திக்கிட்டு வந்திருந்தேன். முதல் வேலையா உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, லினக்ஸ்ல மாட்டி, ஒரு முழு பிரதி எடுத்தேன். டிஸ்க் கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டே பிரதி கொடுத்துச்சு, மறுநாள் செத்துப்போச்சு. பிரதியை மெமரி கார்டுல ஏத்தி, அடாப்டர் வழியா மேக்ல மாட்டினேன். காய்ஞ்சுபோன பேட்டரியை மாத்தினேன். மேக் ஓஎஸ் 9 சிரிச்ச முகத்தோட எழுந்துச்சு. ஸ்கேனர் சாப்ட்வேர் திறந்து, "டாங்கிள் எங்கே?"ன்னு கேட்டுச்சு.

அந்தக் கால பிரஸ் சாப்ட்வேர் எல்லாம் கீபோர்டு போர்ட்டுல ஒரு சின்னப் பூட்டு மாட்டினாதான் ஓடும். மறுபடி ஒரு பஸ் பயணம், கடையை மூடிட்ட அந்த முதலாளி வீட்டு மேசை டிராயர்ல ஒரு மணி நேரத் தேடல். ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில கிடைச்சது.

நடுவுல ரெண்டு சின்ன வேலை. உருளையை ஓட்டுற பெல்ட் விறைச்சுப் போயிருந்துச்சு. அரியமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில அளவு கொடுத்து மாத்துப் பெல்ட் பிடிச்சோம். மெஷின் உக்காரற மேசைக்கு அடியில இரும்பு பிரேம் வெல்டிங் பண்ணினோம். பாய்லர் செய்யற ஊர் பக்கத்துல இருக்கிறதுல இது ஒரு வசதி, இரும்பு வேலைன்னா யாரும் 'ஏன்'னு கேட்கிறதில்லை.

இப்ப ஓட்டம் இப்படி: ஸ்கேனர் ஸ்கஸியில மேக் ஜி3 கிட்ட பேசுது. மேக் படத்தை பைலாக்கி, எஃப்டிபி வழியா என் லேப்டாப்புக்கு அனுப்புது. பழைய ஈதர்நெட், வினாடிக்கு 10 மெகாபிட்தான். ஒரு பைல் போக நாலஞ்சு நிமிஷம். அடுத்த படம் ஸ்கேன் ஆக பதினஞ்சு நிமிஷம்ங்கிறதால அது தடையே இல்லை.

புதுச்சேரியில டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷா இருந்தார் இல்லையா, ரெண்டு பக்கத்துப் பாஷையும் தெரிஞ்ச ஆள். எங்க மாடியில மேக் ஜி3 அந்த வேலைதான் பார்க்குது. நான் நேரடியா பேசணும்னு வீம்பு பிடிச்சதுல நாலு மாசம் போச்சு.

முதல் ஸ்லைடு

மெஷின் ஓடினதும் நான் உடனே ஸ்லைடை ஏத்தலாம்னேன். அண்ணாச்சி விடலை. யாரோ தூக்கிப்போட்ட கல்யாண நெகட்டிவை வெச்சு ஒரு வாரம் பழகினோம். ஏன்னா இங்க பயம் நிஜம். ஒரிஜினல் ஒண்ணே ஒண்ணு. அதை எண்ணெயில நனைச்சு, டேப் ஒட்டி, வினாடிக்குப் பத்து சுத்து சுத்த விடறோம். டேப் விட்டா பிலிம் பறந்து கிழியும். பேக்கப் கிடையாது.

எண்ணெய் எதுக்குன்னா, பிலிமும் உருளையும் நேரா ஒட்டினா நடுவுல காத்து சிக்கி வானவில் வளையம் விழும். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பும், கீறல்களையும் நிரப்பி மறைக்கும். அண்ணாச்சி ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, விரல் பின்பக்கத்தால தள்ளிக்கிட்டே, ஒரு குமிழி இல்லாம ஒட்டுவார். நான் பண்ணினா பதினேழு குமிழி.

நீங்க கேட்கலாம், நல்ல டிஜிட்டல் கேமரா, மேக்ரோ லென்ஸ், லைட் டேபிள் வெச்சு எடுத்தா போதாதான்னு. பெரும்பாலான படத்துக்குப் போதும். பெரியப்பாவோட கறுப்பு-வெள்ளை ரோல்கள், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியோட 'இந்து' பிலிம்ல எடுத்தது, அதையெல்லாம் நான் கேமராவுலதான் எடுக்கிறேன். மெஷினுக்கு மாத்து விளக்கு ரெண்டுதான் மிச்சம். பதினாலு டப்பாவையும் அதுல ஓட்ட முடியாது. அதனால கலர் ஸ்லைடுல, இருட்டா விழுந்ததும் பூஞ்சை பிடிச்சதுமா 120 படம் மட்டும் தேர்ந்தெடுத்தோம். காடி வாசனை டப்பா முதல்ல.

முதல் ஸ்லைடு, உச்சி வெயில்ல கீழேர்ந்து மேல பார்த்து எடுத்தது. வானம் வெளுத்து, கோபுரத்தோட உள்பக்கம் முழுக்க கறுப்பு. கேமராவுல எடுத்தப்ப அந்தக் கறுப்புல ஒண்ணுமே இல்லை. டிரம்ல வரி வரியா வர வர, கறுப்புக்குள்ள சாரக் கம்பு தெரிஞ்சது, கயிறு தெரிஞ்சது. பிலிம்ல கடுகு அளவு கூட இல்லாத இடத்துல ஒரு பொண்ணு. தலையில சும்மாடு, மேல கலவைச் சட்டி, ஒரு கை சட்டியைப் பிடிச்சிருக்கு, முகம் கேமரா பக்கம் திரும்பியிருக்கு.

அண்ணாச்சி, "ரோஸ் ஏறியிருக்கு, இறக்கணும்"ன்னார். இறக்கினோம்.

மறுநாள் பெரியம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. பெரியப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தேன். "இந்தப் பொண்ணு யாருப்பா? இப்ப அறுபது வயசு இருக்குமே"ன்னாங்க.

எனக்கு அது வரைக்கும் அந்தக் கேள்வி தோணலை. கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவங்க பேர் கல்வெட்டுல இருக்கும். சட்டி சுமந்தவங்க பேர் எங்கேயும் இல்லை. முகம் இருக்கு, பெரியப்பாவோட பிலிம்ல. 1987 அவ்வளவு தூரம் இல்லை. அந்தப் பொண்ணு இன்னிக்கு திருவானைக்காவலேயோ லால்குடியிலேயோ பேரன் பேத்தியோட இருக்கலாம்.

இதுவரைக்கும் 41 படம் முடிச்சிருக்கோம். அதுல முகம் தெளிவா தெரியற படங்களைப் பெரிசா பிரிண்ட் போட்டு, பெரியம்மா வீட்டுத் திண்ணையில வெச்சிருக்கோம். போற வர்றவங்க நின்னு பார்க்கிறாங்க. ஒரு கொத்தனார் தாத்தா ரெண்டு பேரை அடையாளம் சொல்லியிருக்கார். சட்டிப் பொண்ணை இன்னும் யாரும் சொல்லலை.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த வேலைக்குப் போயிருந்தா, ஸ்ரீரங்கம் பக்கம் வரும்போது கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டு பீரோ மேல பிலிம் டப்பா இருந்தா, இன்னிக்கே இறக்கி மோந்து பாருங்க. காடி வாசனை வந்தா தள்ளிப் போடாதீங்க. டிரம் ஸ்கேனர் எல்லாம் தேடவேண்டாம், முதல்ல போன்லயாவது ஒரு படம் எடுத்து வையுங்க.

அண்ணாச்சி வந்துட்டார், கீழேர்ந்து கூப்பிடறார். இன்னிக்கு எட்டு ஸ்லைடு ஒட்டணும். எனக்கு இப்ப நாலு குமிழிதான் வருது.